மானுக்கும் மந்திக்கும் பேச்சில்லை

நாவல் மரத்து மேலே ஒரு மந்தி, கீழே குட்டியோடு ஒரு புள்ளிமான். மந்தி கடித்துப் போடுகிற பழத்தை மான் தின்னும். புலி வந்தால் மந்தி மேலிருந்து பார்த்துச் சொல்லும், மான் வாடை பிடித்துச் சொல்லும். இப்படியே ரெண்டும் நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் மந்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என் எச்சிலைத் தின்னே மதினிக்கு உடம்பு தேறிட்டு" என்று மானைப் பார்த்துச் சொல்லிவிட்டது.

மானுக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று. "இனி உன் மொகத்துல முழிச்சா நான் மானே இல்ல."

அன்றோடு பேச்சு நின்றது. பழம் மட்டும் விழுந்தது. மான் தலையைத் தூக்காமல் தின்றது. பழத்தோடு அதற்கென்ன சண்டை?

சேதி புலி காதுக்கு எட்டியது. காற்று எதிர்ப்பக்கம் வீசுகிற நேரம் பார்த்துப் பதுங்கி வந்தது. மானுக்கு வாடையே தெரியவில்லை. குட்டி வேறு மடியில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

மேலே மந்தி தொண்டையைச் செருமியது. "ஏ நாவ மரமே, உங்கிட்டதான் சொல்லுதேன். ஈச்சம் புதருக்குப் பின்னால புலி நிக்கி. வேற யாருக்கும் நான் சொல்லல."

மான் குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடையைத் தாண்டிவிட்டது.

புலி இக்கரையில் வந்து நின்றது. "ரெண்டு பேருக்கும் பேச்சில்லன்னாங்களே?" என்று கேட்டது.

"பேச்சில்லதான்" என்றது மான், மூச்சு வாங்கிக்கொண்டே. "இப்ப யாரு பேசினா?"