முப்பதுக்கு மேல் போகாத ஸ்கூட்டர்

சிரிப்பு வரும். ஆனால் இப்போது இல்லை. முதலில் கொஞ்சம் கோபம் வரட்டும்.

வாட்ச் ரிப்பேர்காரர் தன் மனைவியின் ஸ்கூட்டருக்குக் கடிவாளம் போட்டிருந்தார்.

அவரைப் பொறுத்தவரை ஸ்கூட்டர் என்பது கொஞ்சம் பெரிய கடிகாரம், அவ்வளவுதான். மனைவி அதை வாங்கி வந்த வாரமே வாசலில் நிறுத்தி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹாரனை மாற்றினார். இப்போது அது அலாரம் மாதிரி அடிக்கும்; முன்னால் போகிறவர்கள் தூக்கிவாரிப் போட்டு மணி பார்ப்பார்கள். பக்கக் கண்ணாடி இரண்டு போதாதென்று நான்காக்கினார். கடைசியாக ஆக்ஸிலேட்டர் கைப்பிடியைப் பிரித்து, உள்ளே பொடிசாக ஒரு பித்தளை ஸ்க்ரூவை முடுக்கினார். கைப்பிடி பாதிக்கு மேல் திரும்பாது. வண்டி முப்பதைத் தாண்டாது.

"உன் நல்லதுக்குத்தான்" என்றார் மனைவியிடம்.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். பெண்கள் கையில் வண்டியைக் கொடுக்கலாமாம், வேகத்தை மட்டும் கொடுக்கக் கூடாதாம். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அவரவர் வாட்ச் திரும்பி வந்தால் போதும்.

கோபம் வந்துவிட்டதா? காலேஜில் படிக்கும் மகளுக்கும் வந்தது.

மனைவி டியூஷன் டீச்சர். வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இப்போதுதான், முதன்முறையாக, பெரிய வகுப்புக் கணக்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவள் பழைய கணக்குப் புத்தகங்களைத் தூசி தட்டி, சமையலறையிலேயே நின்றுகொண்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புது டியூஷன் வீடு ஊரின் அந்தக் கோடியில். நாளைக்கு முதல் வகுப்பு.

மகளுக்கு யார் குரலும் வரும். புது டியூஷன் வீட்டு அம்மாள் போனில் பேசியதை அதே மூக்குக் குரலில் அப்பாவிடம் பேசிக் காட்டினாள். "லேட்டா வர்ற டீச்சர் எங்களுக்குச் சரிப்பட்டு வராதும்மா." சின்னப் பிள்ளைகளை முடித்துவிட்டு, முப்பதில் உருட்டிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனால் நாளையோடு அந்த வேலை போய்விடும் என்றாள்.

அதற்கு அப்பா, சீக்கிரம் கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் அவருடைய ஸ்க்ரூ டிரைவரையே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

பக்கத்து வீட்டில் சுவர் இடித்தால்கூட அவர் எழுந்திருக்க மாட்டார். ஆனால் ஒரு ஸ்க்ரூ தரையில் உருண்டால் போதும், எழுந்துவிடுவார். எழுந்து வந்தபோது கைப்பிடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. மகள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே இருக்குப்பா அந்தப் பித்தளை ஸ்க்ரூ?"

"அதை எங்க ஒளிச்சு வச்சிருக்க? ஒழுங்கா எடு."

"நான் திறக்கும்போதே இல்லப்பா."

வாரா வாரம் அந்த வண்டியைத் துடைத்து, டயருக்குக் காற்றுப் பார்த்து, பிரேக் கம்பியை இழுத்துப் பார்ப்பவர்தான் அவர். கைப்பிடியை மட்டும் திறந்ததில்லை. தான் மூடியதைத் தானே திறந்து பார்ப்பது, தன் கையைத் தானே சந்தேகப்படுவது மாதிரி என்பது அவர் கொள்கை. அதனால் இப்போது லென்ஸைப் போட்டுக்கொண்டு, நாலு காலில் வாசல் முழுக்கத் தேடினார்.

சிரிக்காதீர்கள். இன்னும் வரவில்லை.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வெளியே வந்தாள். "என்னங்க தேடறீங்க?"

"ஸ்க்ரூ."

"அது ஊசி டப்பாவுல இருக்கு. நீங்க போட்ட அன்னிக்கே கழட்டிட்டேன்."

மகள் இடுப்பில் கைவைத்து அம்மாவை முறைத்தாள். அதனால்தான் ஒருநாள்கூட எந்த வீட்டுக்கும் நேரம் தவறவில்லையா என்று கேட்டாள். அம்மா ஆமென்று தலையாட்டி, நாளைக்கும் தவறாது, போய்ப் படி என்றாள்.

வாட்ச்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

"சும்மா சொல்லாதே. போன வாரம்கூட மார்க்கெட்டுக்கு உன் பின்னாடிதானே உக்காந்து வந்தேன்? வழி முழுக்க முள்ளையே பாத்துட்டு வந்தேன். முப்பதுல அப்படியே நின்னுச்சே."

"நிக்கும்."

"ஸ்க்ரூ இல்லாம எப்படி நிக்கும்?"

மனைவி மகளைப் பார்த்தாள். அடுப்பில் பால் இருக்கிறது, போய்ப் பார் என்றாள். மகள் ரெண்டடி போய், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"சொல்லு, எப்படி நிக்கும்?" என்றார் மறுபடியும்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் நிறுத்துவேன். வண்டி வாங்கின அன்னிக்கே பாத்துட்டேன். முப்பதைத் தாண்டினா, நீங்க என் தோளைப் பிடிச்சிருக்கிற பிடி இறுகுதுங்க. முப்பத்தஞ்சுல நகம் இறங்குது. நாப்பதுல உங்க மூச்சுச் சத்தமே கேக்கறதில்ல. அதுக்கு மேல நான் போய்ப் பாத்ததில்ல."

வாட்ச்காரர் தன் கைகள் இரண்டையும் மெதுவாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.