புது ஆல்பம் வரும்

மேசையருகே நான், கட்டிலின் கால்மாட்டில் அம்மா, தம்பியின் கிடார் சாய்ந்திருக்கும் மூலையில் அப்பா. மாலை வெயிலில் கிடார் கம்பிகளின் தூசி தெரிகிறது. மனநல மருத்துவமனையில் இருக்கும் தம்பி, வீட்டுச் சேதி எழுதினால் படிப்பதில்லை. ராக் இசைச் சேதி என்றால் மட்டும் படிக்கிறானாம். அவனுக்கு மாதாமாதம் அனுப்பும் கடிதத்தில், இந்த மாதம் கேட்க வேண்டிய ஆல்பங்கள் இரண்டை எழுதிவிட்டேன். இரண்டாவதில் மூன்றாம் பாட்டை விட்டுவிடாதே என்றும் எழுதியாயிற்று. அடுத்தது செய்திகள். அவன் உயிரையே வைத்திருக்கும் இசைக்குழு நேற்றுக் கலைந்துவிட்டது. பேனா நிற்கிறது. "அதை எழுதிடாதே கண்ணு. அவங்க புது ஆல்பம் வர்ற வரைக்குமாவது உயிரோட இருக்கேன்னு சொல்லியிருக்கான்," என்கிறாள் அம்மா. அப்பா துண்டால் கிடாரைத் துடைக்கிறார். கம்பி ஒன்று முனகுகிறது. 'புது ஆல்பம் கொஞ்சம் தள்ளிப்போகிறது, காத்திரு' என்று எழுதி, உறையை ஒட்டி அப்பாவிடம் நீட்டுகிறேன். "அடுத்த மாசம் என்ன எழுதுவே?" என்கிறார். பதிலுக்கு நிற்காமல் தபால் பெட்டிக்கு நடக்கிறார்.