நாற்பது நாள் ஈரம்

“சார், லேபுல யாரோ என் ஜெல்லைத் தொடறாங்க.”

கைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டத்துக்காக நாலு வருஷமாக அவரிடம் ஆராய்ச்சி செய்கிறவள். இதுவரை எந்தப் புகாரும் சொல்லி வந்ததில்லை.

“எப்படிம்மா சொல்றே?”

“ஜெல் தட்டுகளை எடை பார்த்துட்டு மூடி மேல டேப் ஒட்டிட்டுத்தான் போறேன். மறுநாள் வந்தா நான் ஒட்டின மாதிரி இல்ல. நேத்து என் தலைமுடி ஒண்ணைக் குறுக்கே ஒட்டி வெச்சேன். காலையில அறுந்து கிடக்கு.”

கைடுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சிரிக்கிற விஷயம் இல்லை.

தீக்காயத்தின் மேல் போடுகிற ஜெல் அது. காயாமல் இருந்தால்தான் புண்ணோடு ஒட்டாது, எடுக்கும்போது நோயாளி துடிக்க மாட்டார். உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் நாற்பது நாள் ஈரமாக இருந்துவிட்டால் கட்டுரை வெளியாகும், பட்டமும் கைக்கு வந்துவிடும். முதல் இரண்டு முறையும் ஆறே நாளில் காய்ந்து காகிதமாகிவிட்டது. இந்த மூன்றாவது முறைக்கு இன்றோடு இருபத்தொன்பது நாள். இன்னும் பளபளவென்று இருக்கிறது.

“யார் மேல சந்தேகம்?”

“வேற யாரு சார், பேட்டரிதான்.”

பேட்டரி பக்கத்து மேஜைக்காரன். பேட்டரியில் ஆராய்ச்சி செய்வதால் அந்தப் பெயர். பதிலுக்கு அவன் இவளுக்கு வைத்த பெயர் ஜெல்லி.

“அவன் எதுக்கும்மா உன் ஜெல்லைத் தொடப் போறான்?”

“வயித்தெரிச்சல் சார். அவனோட பேட்டரி பத்து தடவை சார்ஜ் ஏத்தினா படுத்துடுது. என்னோடது நிக்குதே, பொறுக்குமா? போன வாரம் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, ‘சில நாள் எடை கூடியிருக்கே ஜெல்லி, காயற பொருளுக்கு எடை குறையத்தானே செய்யும்?’னு நோண்டி நோண்டிக் கேக்கறான்.”

“நீ என்ன சொன்னே?”

“தராசு பழசுன்னு சொன்னேன். உன் வேலையைப் பாருன்னும் சொன்னேன்.”

கைடு பேனாவை மூடி வைத்தார்.

“ஆதாரம் இல்லாம ஒருத்தன் படிப்புல கை வைக்க முடியாதும்மா. கையும் களவுமா பிடி. அப்புறம் பேசிக்கலாம்.”

“பிடிச்சுட்டா அவனை லேபை விட்டே அனுப்பிடணும் சார். நேர்மை இல்லாதவனுக்கு எதுக்கு சார் ஆராய்ச்சி?”

மறுநாள் காலை ஆறரை மணிக்கே வந்து, நைட்ரஜன் சிலிண்டர்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். கால் மரத்துப்போனது. இருமலை விழுங்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. பேட்டரியேதான். ‘வாடா வா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவன் நேராகத் தன் மேஜைக்குப் போனான். மீட்டரைப் பார்த்து ஏதோ எழுதினான். உதட்டைப் பிதுக்கினான். வந்த வழியே போய்விட்டான். ஜெல் பெட்டி இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. எழுந்திருக்கலாம் என்று பார்த்தபோது மறுபடியும் கதவு திறந்தது.

லேபைக் கூட்டித் துடைக்கிற அக்கா. வாளியை ஓரமாக வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பெட்டியைத் திறந்து, டேப்பை நகத்தால் பதமாகப் பிரித்து, டிராப்பரால் தட்டு ஒவ்வொன்றிலும் நிதானமாகச் சொட்டுவிட ஆரம்பித்தார்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

அக்கா ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டார்.

“நீயாம்மா? பயந்தே போயிட்டேன்.”

“அதுல என்ன ஊத்தறீங்க?”

“தண்ணிதாம்மா. குழாய்த் தண்ணி இல்ல, நீங்க எடுக்கிற அதே பாட்டில்ல இருக்கிற சுத்தத் தண்ணி. போன தடவை காஞ்சு போச்சுன்னு இந்தத் தரையில உக்காந்து அழுதியே, எனக்கு மனசே கேக்கல. அதான் இந்தத் தடவை மொத நாள்லேர்ந்தே காய விடல.”

ஜெல்லிக்கு இப்போதுதான் புரிந்தது. தராசு பழசு இல்லை. பேட்டரி கேட்டது சரியான கேள்வி. மூன்றாவது ஜெல்லும் ஆறே நாளில் காய்ந்திருக்க வேண்டியதுதான். இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தபோதே அழுகை முட்டியது.

அக்கா சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுருங்கிய தழும்பு.

“இந்தக் கை வெந்தப்போ, கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் தோலும் சேர்ந்து வந்துச்சும்மா. உன் மருந்து சீக்கிரம் வந்துடணும். இன்னொருத்தர் என்னை மாதிரி கத்தக் கூடாது.”

போன் அடித்தது. கைடு.

“என்னம்மா, ஆள் சிக்கினானா?”

அவள் தட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் பளபளவென்று இருந்தன.

“யாரும் வரல சார். டேப்புல பசை சரியில்ல போல. நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்.”

“நல்லவேளை. பாவம், அந்தப் பையன் மேல பழி போட இருந்தோம். சரி, நாற்பது நாள் முடிஞ்சதும் கட்டுரையை அனுப்பிடலாமா?”

“அனுப்பிடலாம் சார்.”

போனை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்து அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது.

“நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா? வேணாம்னா சொல்லு, நாளைலேர்ந்து ஊத்தல.”

ஜெல்லி லேப் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னும் பத்து நாள்தான் அக்கா. விட்டுடாதீங்க.”