வாரேனுங்க

"வேண்டாமுங்க அம்மணி. புதுக் கம்ப்யூட்டரை என்கிட்ட வாங்காதீங்க. கிராஸ்கட் ரோட்டுல அழகிரிசாமி கடையில வாங்கிக்குங்க."

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்த கரீம் பாய் சொன்னதைக் கேட்டு வெங்கடலட்சுமிக்குத் திக்கென்றது.

காந்திபுரத்தில் அவள் நடத்துவது கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கும் சின்னக் கடை. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். கணவன் இறந்த பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுவது அதுதான். அது இந்த வாரம் மட்டும் மூன்று தடவை படுத்துவிட்டது. ஆவணி முகூர்த்தமோ நெருங்குகிறது.

இத்தனை வருஷமும் மெஷின் படுத்தால் அவள் கரீமுக்குப் போன் செய்வாள். "வாரேனுங்க" என்று ஒரே வார்த்தை வரும். அரை மணியில் அவருடைய மொபெட் வாசலில் நிற்கும். வேலை முடித்துப் புறப்படும்போதும் அதே "வாரேனுங்க"தான்.

"மெஷின்னு இருந்தா கெட்டுத்தான் போகும். எந்தக் கம்பெனின்னு பாக்காதீங்க. கெட்டா யாரு வருவாங்கன்னு பாத்து வாங்கோணும்." இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானுங்க பாய், உங்ககிட்டயே வாங்கறேங்கறேன். நீங்களே அசெம்பிள் பண்ணிக் குடுத்துருங்க."

"முடியாதுங்க."

"ஏனுங்க, பெரிய மில்லு வேலை ஏதாச்சும் கெடைச்சுருச்சுங்களா?"

குத்தலாகத்தான் கேட்டாள். கரீம் பழைய பெட்டியை மூடித் துணியால் துடைத்தார். பையை எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்த கொழுந்தன் சசிதர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"இதுகூடப் புரியலீங்களா அண்ணி? அந்தக் கடைக்காரன் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் குடுப்பான்."

"கமிஷன் வாங்கீட்டுப் போகட்டும் சசி. ஒரு வார்த்தை 'வாரேன்'னு சொல்லக் கூடாதா? எழவு ஊட்டுலதான் சொல்லாம கொள்ளாமப் போவாங்க. பொழப்பு நடக்கற கடையில அப்படிப் போயிட்டாரு."

அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

வேறு வழி தெரியாமல் இரண்டு நாள் கழித்து அழகிரிசாமியின் கடைக்குப் போனாள். தன் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அந்த மரியாதையும் அவளுக்குச் சந்தேகமாகவே பட்டது.

"கரீம் பாய் அனுப்புனாருங்க. அவருக்கு எவ்வளவு கமிஷனுங்க?"

அழகிரிசாமி மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். கரீமின் கையெழுத்து. பக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளர். அவளுடைய பக்கத்தில் எந்தப் பாகம் எப்போது மாற்றியது, தமிழ் எழுத்துகளெல்லாம் எந்த ஃபிளாப்பியில் இருக்கின்றன என்று வரிசையாக எழுதியிருந்தது. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி.

'முகூர்த்த மாசத்தில் போன் வந்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு இங்கே போகவும். மெஷின் நின்றால் இந்த வீட்டில் அடுப்பு நின்றுவிடும்.'

"அவரு கேட்ட கமிஷன் இதுதானுங்க. இந்த முப்பது பேர்த்தையும் கைவிட்டுரக் கூடாதுன்னு எங்கையில அடிச்சு சத்தியம் வாங்கிப்போட்டாரு."

"ஏனுங்க, அவரு எங்க போறாரு?"

அழகிரிசாமி நோட்டை மூடி வைத்தார்.

"ரத்தத்துல புத்துநோயுங்க. தீபாவளியத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாராமுங்க."

வெங்கடலட்சுமிக்குத் தான் குத்திக் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. வாரேன்னுகூடச் சொல்லாமப் போயிட்டாரே."

"எங்கிட்டயும் வாரேன்னு சொல்லலீங்க. ஏனுங்க பாய்னு கேட்டேன்."

"என்ன சொன்னாருங்க?"

"'வாரேன்னு சொல்லிப்போட்டு நானு ஒரு நாளும் வராம இருந்ததில்லீங்க. கடைசியில போயி பொய் சொல்லச் சொல்றீங்களா?'ன்னாருங்க."