வெறுஞ்சட்டியோடு ஒரு படம்

வேலணை உதவிச் சங்கச் செயலாளர் லோஜனாவுக்குக் கனடாவிலிருந்து கீர்த்திகன் அழைத்தான்.

"அக்கா, உங்கடை சங்கத்துக்கு வருசாவருசம் தாறனான். காசு சேர்க்க முகநூலிலை போட்ட படத்தை உடனே எடுங்கோ. வயசுபோன மனுசியை வெறுஞ்சட்டியோடை இருத்திப் படம்பிடிக்க வெக்கமில்லையோ?"

"அவவே வந்து கேட்டுத்தான் எடுத்தனாங்கள், தம்பி."

"பொய். அவவுக்கு என்ன குறை? மாசாமாசம் நான் காசு அனுப்புறனான். அவ என்ரை அம்மா."

"தெரியும். காசு வருகுதெண்டுதான் சொன்னவ. நீர் கதைச்சு மூண்டு வருசமாம். இந்தப் படத்தைக் கண்டால் ஏசவெண்டாலும் போன் எடுப்பீராம்."



பக்கத்துக் கதிரையில் இருந்த கீர்த்திகனின் தாய் அன்னப்பிள்ளை, ஸ்பீக்கரில் போட்டிருந்த கைபேசியை நோக்கிக் குனிந்தார்.

"ஏன் பிள்ளை மறிச்சனி?" என்று லோஜனாவிடம் மெதுவாகக் கேட்டார். "அவன் இன்னும் கொஞ்சம் ஏசட்டும்."