ஒரு விரல் இடைவெளி

ஈரச் சுவரோடு ஒட்டினால் ரசப்பூச்சு உரிந்துபோகும் என்று, தன் தங்கையின் படுக்கையறைக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே விரல் கனத்துக்குப் குழல் போன்ற பிளாஸ்டிக் ஸ்பேசர் கொடுத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தான் ஃபிட்டர். அவள் கணவர் இறந்த மறுவாரம் அது.

அடுத்த மாதம் வந்தபோது கண்ணாடி சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. கழற்றினான். ஸ்பேசர் ஒவ்வொன்றும் முழ நீளம் இருந்தது. ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லை. ஸ்க்ரூக்கள் மட்டும் அவன் போட்ட அதே குட்டை ஸ்க்ரூக்கள். அவை சுவரை எட்டவே எட்டாது.

“யாரும்மா மாத்தினது?”

“யாரும் தொடலண்ணே.”

பையிலிருந்து பழைய அளவு ஸ்பேசரை எடுத்தான். தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சின்னது வேண்டாம்ணே. அவருக்கு நெருக்கும்.”

அதைப் பையிலேயே போட்டான். நீளமானவற்றையே திரும்ப மாட்டினான். கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது, சுவர்ப் பக்கமிருந்து யாரோ கண்ணாடியை ஆடாமல் பிடித்துக்கொடுத்தார்கள்.