மொட்டை ராஜாவின் எடை

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் விழும் என்று ஜெபகனிக்குப் பயம்.

‘உங்க கூட்டாளி காசைத் திருடிட்டாரு’ என்று பட்டென்று சொன்னால், கணவர் அப்பாத்துரை, ‘உனக்குப் பால்காரனும் திருடன், பேப்பர்காரனும் திருடன்’ என்பார். பைய ஆரம்பித்தால் பாதியிலேயே கொட்டாவி விடுவார். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

ஆனால் கண்ணால் பார்த்தாளே!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாக்கியசீலன் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வருஷச் சிநேகிதம். இரண்டு பேருக்கும் பழைய காசு சேர்க்கிற பைத்தியம்.

“ஏலே, சனிக்கிழமை கண்காட்சியில உன் மொட்டை ராஜாவையா வைக்கப் போற? அங்க எல்லார் முன்னாலயும் நிறுத்துல்லா பாப்பாங்க?” என்றார் பாக்கியசீலன்.

“நிறுக்கட்டும்லே! எட்வர்டு ராஜா கிரீடம் இல்லாம இருக்க அசல் வெள்ளி ரூபா. ரத வீதியில ஒரே கடையில இது மாதிரி ரெண்டு வாங்கினேன், ஜோடியா. சத்தத்தை வச்சே சொல்லிருவேன். நானும் நல்ல தராசு ஒண்ணு வாங்கத்தான் போறேன்.”

போன் அடித்தது. அப்பாத்துரை அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அடுக்களையில் நின்ற ஜெபகனி கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். பாக்கியசீலன் மேசைமேல் இருந்த காசுப் பெட்டியிலிருந்து மொட்டை ராஜாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அதே பையிலிருந்து இன்னொரு மொட்டை ராஜாவை எடுத்து பெட்டியில் அது இருந்த குழியில் வைத்தார். பிறகு, “காப்பி ரெடியா மதினி?” என்று குரல் கொடுத்தார்.

என்ன நெஞ்சழுத்தம்!

செவ்வாய்க்கிழமை, “தராசை நான் வாங்கிட்டு வாரேன், டவுண்ல எனக்கு வேலை இருக்கு” என்று கிளம்பிவிட்டாள். முந்தானைக்குள் கைக்குட்டை. அதன் ஒரு முனையில் பாக்கியசீலன் வைத்துவிட்டுப் போன காசு, மறு முனையில் அவர் கைபடாத ஜோடிக் காசு.

தராசுக் கடை ரசீத் பாய் முதலில் ஒரு சின்னத் தராசை எடுத்து வைத்தார். பிறகு அவரே அதை ஓரமாகத் தள்ளினார்.

“காசு நிறுக்கவா? இது முழுக் கிராம்தான் காட்டும், காணாது. இந்தா, இது புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இடம் காட்டும்.”

“சரியாக் காட்டும்னு என்ன நிச்சயம் பாய்?”

ரசீத் பாய் சிரித்தார். மின்விசிறியை நிறுத்தினார். நூறு கிராம் எடைக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்தார், பிறகு நாலு ஓரத்திலும் நகர்த்தி வைத்தார். ஐந்து தடவையும் 100.00.

“நடுவுல ஒண்ணும் ஓரத்துல ஒண்ணும் காட்டினா அந்தத் தராசை வாங்கக் கூடாதுக்கா.” கல்லை எடுத்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து ஒரே ஒரு அரிசியைப் போட்டார். 0.02.

“ஆண்டவரே! ஒரு அரிசியக் கூடவா?”

குனிந்து பார்த்தாள். எண்கள் நடுங்கின.

“மூச்சை அங்கிட்டு விடுங்கக்கா. அதையும் நிறுத்துப்புடும்.”

தன் மூச்சுக்கும் எடை உண்டு என்று ஜெபகனிக்கு ஐம்பது வயதில்தான் தெரிகிறது. இனி அவள் வாய் திறக்க வேண்டாம், தப்பாகச் சொல்லிவிடுவோம் என்று நடுங்கவும் வேண்டாம். இதுவே சொல்லிவிடும்.

“இது எங்க காசு. முதல்ல இதை வைங்க” என்று ஜோடிக் காசைக் கொடுத்தாள்.

10.21.

“இப்ப இதை வைங்க.”

11.63.

“பாத்தீங்களா! எடை ஒத்து வரல. மாத்திட்டுப் போயிட்டாரு பாய்! வீட்டுக்குள்ள விட்டு, காப்பியும் கொடுத்தோம்...”

ரசீத் பாய் இரண்டு காசையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, இந்த ரூபாய்க்குச் சரியான எடை பதினொண்ணு புள்ளி அறுபத்தாறு. பத்தே சொச்சம் காட்டுற உங்க காசுதான் போலி. அவர் வச்ச இதுதான் அசல்.”

“அசல்னா... அந்த மூணு புள்ளி குறையுதே?”

“நூறு வருஷத்துக்கு மேல கை மாறிக் கை மாறித் தேஞ்சிருக்கும்லா. ஒன்றரை அரிசி எடை.”

ஜெபகனி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜோடியாக வாங்கியதில் ஒன்று போலி என்றால் இன்னொன்றும் போலிதான். சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அதைத் தட்டில் வைத்து, பத்து என்று காட்டியிருந்தால் அப்பாத்துரை முகம் என்ன ஆகியிருக்கும்? அந்த மனுஷன் தன் அசலை வைத்துவிட்டு, போலியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதையும் ஒரு திருடனைப் போல, யாருக்கும் தெரியாமல்.

அந்தத் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசியை நிறுக்கிறது, மூச்சை நிறுக்கிறது. இது வீட்டுக்குப் போனால் பெட்டிக்குத் திரும்பும் இந்த ஜோடிப் போலியையும் நிறுக்கும். ஒரு நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

“பேக் பண்ணட்டுமாக்கா?”

“வேண்டாம் பாய். அங்கன மேல இருக்கே, வட்டமா, முள்ளு வச்சது... அதை எடுங்க.”

“அது பத்து கிலோ தராசுக்கா! காசை வச்சா முள்ளே அசையாது!”

“அதுதான் வேணும்.”

சாயங்காலம் அப்பாத்துரை மொட்டை ராஜாவை அந்தத் தட்டில் வைத்தார். தட்டினார். குனிந்து பார்த்தார். முள் அப்படியே நின்றது.

“ஏட்டி, இது மாவு நிறுக்க தராசுல்லா! எட்டாங்கிளாஸோட நின்னவளை அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். பில்லைக் கொண்டா, நாளைக்கே போய் மாத்திட்டு வாரேன்.”

“பில்லா? எங்க வச்சேன்னு தெரியலையே” என்று கைப்பையைத் துழாவினாள் ஜெபகனி.

அதைப் பஸ்ஸிலேயே கிழித்து, பாலத்தில் வரும்போது ஜன்னல் வழியாக ஆற்றில் விட்டிருந்தாள்.